மாவோரி ஊரில் தீயைக் காப்பவர்கள்

"நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இன்றும் கிராமங்களில் தங்கள் வழக்கப்படி வாழ்கிறார்களா? ரக்பி மைதானத்து ஹாக்கா ஆட்டத்தையும் சுற்றுலாக்காரர்களுக்கு நடத்தும் நிகழ்ச்சியையும் விட்டால் அன்றாடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு நியூசிலாந்தின் ஊர்ப்புறம் ஒன்றுக்கு வேலைக்குப் போகப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குச் சொல்வதுபோல் இல்லாமல், அங்கேயே இருந்து பழகப்போகிறவருக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

நான் ஒன்பது ஆண்டுகள் வட தீவின் கிழக்குக் கரையில் ஊர்ச் செவிலியராக இருந்தேன். கிஸ்போர்ன் நகரிலிருந்து வடக்கே, மலையேறியும் கடலோரம் இறங்கியும் போகும் 35ஆம் எண் நெடுஞ்சாலையில் தோலகா பே, தோக்கோமாரு பே, ருவாத்தோரியா, திக்கித்திக்கி, தே அராரோவா என்று சிற்றூர்கள் வரும். ஙாத்தி பொரோவ் என்ற இனக்குழுவின் மண் அது. நான் சொல்வதில் பெரும்பகுதி அங்கே பார்த்தது. வேறு இனக்குழுக்களின் ஊர்களில் சில முறைகள் மாறும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதற்குத் திணறுவார்கள். நமக்கு அது அரிச்சுவடியில் படித்ததோடு விட்டுவிட்ட ங தான். அங்கே எல்லார் பேச்சிலும் அது புழங்கும். ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயரையும் முதல் நாளே சரியாக உச்சரித்தால் அவர்கள் முகம் மலர்வதை நீங்களே பார்க்கலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஓலைக்குடிசை, மரச்சிற்பம், இலை உடை என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள், மழைத்தண்ணீர்த் தொட்டி, வாசலில் வரிசையாக ரப்பர் பூட்ஸ், விறகடுப்பு, முற்றத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி, காட்டுப்பன்றி வேட்டைக்கான நாய்கள், வேலியோரம் மேயும் குதிரை. விடிவதற்கு முன்பே மரம் வெட்டும் குழுக்களின் வேன்கள் கிளம்பிவிடும். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் குழுக்கள் பண்ணை பண்ணையாகப் போகும். அது குடும்பம் குடும்பமாகச் செய்கிற தொழில்: அப்பா கத்தரிப்பார், அம்மாவும் பிள்ளைகளும் ரோமத்தைப் பிரித்து அடுக்குவார்கள், பாட்டி எல்லாருக்கும் சமைப்பார். மற்றபடி பள்ளி, மருத்துவ நிலையம், சாலைப் பராமரிப்பு, வேலி கட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் நியூசிலாந்தின் எந்த ஏழை ஊர்ப்புறத்தையும் போலத்தான் தெரியும்.

வேறுபாட்டைப் புரிந்துகொள்ள 'ஆஹி கா' என்ற சொல் வேண்டும். எரிகிற தீ என்று பொருள். ஒரு நிலம் யாருடையது என்றால், அங்கே யாருடைய அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறதோ அவர்களுடையது என்பது பழைய சட்டம். இன்று அந்தச் சொல் ஊரிலேயே தங்கிவிட்ட ஆட்களைக் குறிக்கிறது. 1945 வாக்கில் மாவோரிகளில் நான்கில் மூன்று பேர் ஊர்ப்புறத்தில் இருந்தார்கள். போருக்குப் பிறகு தொழிற்சாலை வேலை தேடி ஆக்லாந்துக்கும் வெலிங்டனுக்கும் போனார்கள். 1980களுக்குள் நான்கில் மூன்றுக்கும் மேல் நகரவாசிகள் ஆகிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்கும் சற்று மேலான காலத்தில் ஒரு மக்கள்கூட்டம் முழுவதும் இடம் மாறிய கதை அது. 2023 மக்கள்தொகைக் கணக்கில் மாவோரி என்று பதிந்தவர்கள் சுமார் 8,87,000 பேர். அவர்களில் மிகச் சிலர்தான் சொந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் ஊர் உண்டு, ஊரில் மராய் என்னும் பொது இடம் ஒன்று உண்டு. அந்த மராயைத் திறந்து வைக்கவும், பெருக்கவும், வருகிறவர்களுக்குச் சமைக்கவும், இறந்தவர்களைப் புதைக்கவும் ஊரில் இருபது முப்பது பேர் இருக்கிறார்கள். சிட்னியில் லாரி ஓட்டுகிற பேரன் "நான் இன்ன ஊர்" என்று சொல்ல முடிவது இந்த இருபது பேரால்தான். மாவோரி கிராம வாழ்க்கை என்றால் என் மனதில் வருவது இவர்களுடைய உழைப்பு.

மராய் என்பதைக் கோயில் என்றோ சமுதாயக் கூடம் என்றோ மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 35ஆம் எண் சாலையில் சில கிலோமீட்டருக்கு ஒன்று கண்ணில் படும். முன்னால் ஒரு புல்வெளி, அதை நோக்கிய பெரிய கூடமான ஃபரேநுயி, பக்கத்தில் சாப்பாட்டுக்கூடமான ஃபரேகை, சற்றுத் தள்ளி உருப்பா என்னும் இடுகாடு. அந்தப் பெரிய கூடம் ஒரு முன்னோரின் உடல். உருவகமாகச் சொல்லவில்லை, அவர் பெயராலேயே அழைப்பார்கள், "அவருக்குள் தூங்கினோம்" என்பார்கள். கூரை உச்சியில் இருப்பது தலை. முகப்பில் இரு பக்கமும் சரியும் பலகைகள் கைகள், அவற்றின் நுனி விரல்கள். உள்ளே நடு உத்தரம் முதுகெலும்பு, சரிகிற கைமரங்கள் விலா எலும்புகள். சுவரோரம் நிற்கும் செதுக்குத்தூண்கள் அடுத்தடுத்த தலைமுறை முன்னோர்கள். தூண்களுக்கு நடுவே பின்னல் தட்டிகள். படிக்கட்டு வடிவம், தட்டைமீன் வடிவம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, தரையில் வரிசையாகப் போட்ட மெத்தைகளில் ஆணும் பெண்ணும் குழந்தையும் கிழமும் ஒரே கூடத்தில் படுப்பார்கள். நள்ளிரவில் இருட்டில் யாராவது ஒரு பெரியவர் ஒரு தூணைக் காட்டிக் கதை தொடங்குவார். பாதிப் பேர் குறட்டை விடுவார்கள், மீதிப் பேர் கேட்பார்கள். வம்சாவளி அப்படித்தான் காதில் ஏறுகிறது.

இந்தச் செதுக்குக் கலை அழிந்துபோகாமல் நின்றதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் இந்தக் கரையில் பிறந்த ஆப்பிரானா ஙாத்தா. நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரி. 1905 முதல் 1943 வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1920களின் இறுதியில் ரோட்டோருவாவில் மாவோரி கலைகளுக்கான பள்ளி தொடங்கக் காரணமானவர். அங்கே படித்தவர்கள் நாடெங்கும் போய்க் கூடங்களைச் செதுக்கினார்கள். அதே மனிதர் ருவாத்தோரியாவில் பால் கூட்டுறவு, நிலச் சீரமைப்பு என்றும் அலைந்தார். மக்கள் நிலத்தில் பிழைக்க முடிந்தால்தான் கூடத்தில் விளக்கு எரியும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

மராயின் முழு வலிமையையும் பார்க்க வேண்டுமென்றால் தங்ஙிஹங்ஙாவைப் பார்க்க வேண்டும். சுருக்கமாகத் தங்ஙி என்பார்கள், சாவுச் சடங்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்று வரும்.

யாராவது இறந்துவிட்டால் உடல் சொந்த ஊர் மராய்க்கு வரும், ஆக்லாந்திலிருந்தானாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தானாலும். சில நேரம் வழியிலேயே தாய்வழி உறவினர்கள், "எங்கள் பிள்ளை, எங்களிடம் கொடுங்கள்" என்று வாதாடுவார்கள். இரவெல்லாம் காரசாரமாகப் பேச்சு நடக்கும். புதிதாகப் பார்க்கிறவர் சண்டை என்று பயந்துவிடுவார். உண்மையில் அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. யாரும் கேட்டு வராவிட்டால்தான் அவமானம். பொதுவாக மூன்று நாள். சவப்பெட்டி திறந்தே இருக்கும், சுற்றிலும் ஏற்கெனவே போய்விட்டவர்களின் புகைப்படங்கள். நெருங்கிய பெண்கள் கறுப்பு உடுத்தி, தலையில் கவாகவா இலைச் சுற்று அணிந்து, உடலைத் தொட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். உடலை ஒரு நிமிடமும் தனியாக விடுவதில்லை. குழந்தைகள் பக்கத்திலேயே விளையாடும், பெட்டியில் சாய்ந்து தூங்கும், தாத்தாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கும். சாவைக் குழந்தைகளிடமிருந்து மறைக்கிற வழக்கம் அங்கே இல்லை.

வருகிறவர்கள் கூட்டமாக வாசலில் சேர்ந்து நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு மூதாட்டியின் கராங்ஙா எழும். அழைப்பு என்று பொருள். ஆனால் அது பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, ஒப்பாரியின் நீண்ட முதல் இழைபோல ஒரு குரல். வந்தவர்கள் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்ணின் குரல் அதற்கு விடை சொல்லும். உயிரோடிருப்பவர்களோடு அவர்களுடைய இறந்தவர்களையும் சேர்த்து உள்ளே அழைக்கிறார்கள். கூட்டம் மெதுவாக நடந்து பாதியில் நின்று, தலை குனிந்து அழும். பிறகு பேச்சாளர்கள் எழுந்து இறந்தவரிடமே நேராகப் பேசுவார்கள்: "ஹாயெரே, ஹாயெரே, ஹாயெரே." போ, போய் வா. அவரைத் திட்டுவதும் உண்டு, "என்னிடம் கடன் வாங்கிய சேணத்தைத் திருப்பித் தராமல் போகிறாயே" என்பதுபோல. பல இனக்குழுக்களில் இப்படி எழுந்து பேசுவது ஆண்களின் வேலை. ஙாத்தி பொரோவில் மதிப்புள்ள குலத்துப் பெண்களும் பேசுவார்கள், அதில் அவர்களுக்குப் பெருமை. ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் அவருடைய ஆட்கள் எழுந்து ஒரு பாட்டுப் பாடித் தாங்க வேண்டும். கடைசிப் பேச்சாளர் கோஹா, அதாவது அன்பளிப்புப் பணம், வைத்த உறையைத் தரையில் வைப்பார். பிறகு வரிசையாகப் போய் ஹொங்ஙி: மூக்கும் நெற்றியும் தொட்டு ஒரே மூச்சைப் பகிர்வது. முதல் பெண்ணை மண்ணால் செய்து மூக்கில் மூச்சை ஊதி உயிர் கொடுத்தார்கள் என்பது அவர்கள் கதை. அந்த மூச்சுத்தான் இது.

மூன்றாம் நாளுக்கு முந்தைய இரவு முழுக்கப் பாட்டும் கதையும் சிரிப்புமாகப் போகும். துக்க வீட்டாரைச் சிரிக்க வைப்பது ஒரு கடமை. விடிந்ததும் பெட்டியை மூடுவார்கள். அப்போது எழும் அழுகையை இன்றும் என்னால் எளிதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. குழியைக் குடும்பத்து ஆண்களும் இளைஞர்களும் மண்வெட்டியால் தோண்டுவார்கள், அவர்களே மண்ணைத் தள்ளி மூடுவார்கள். இடுகாட்டிலிருந்து வெளியே வரும்போது கட்டாயம் கை கழுவ வேண்டும். அதற்குப் பிறகு பெரிய சாப்பாடு. அதுவரை உடல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்தைக் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்கூடத்துக்கு அழைத்து வருவார்கள். சாப்பாடு தாபுவை நீக்கி ஆளை இயல்புக்குக் கொண்டுவரும். தாபு என்பது புனிதம், தீட்டு, விலக்கு மூன்றும் சேர்ந்த ஒரு நிலை. அதன் மறுபக்கம் நோவா, இயல்பான நிலை. இந்த இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வீட்டு ஒழுங்கின் அடிப்படை.

இதை நான் முதல் வாரத்திலேயே கற்றேன். ஒரு முதியவர் வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கப் போய், என் பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மகள் பையை எடுத்து மெதுவாக நாற்காலியில் வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, எனக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு வாசல்வரை வந்து விளக்கினார்: உடலோடு சம்பந்தப்பட்டது எதுவும் சாப்பாட்டோடு சேரக்கூடாது. அதனால்தான் மேசைமேல் உட்காரக்கூடாது. தலையணைமேல் உட்காரக்கூடாது, அது தலைக்கானது. தலையைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். பாத்திரம் துடைக்கும் துணியை உள்ளாடையோடு துவைக்கக்கூடாது. அதற்குத் தனி வாளி, தனிக் கொடி. சோதனைக்கு எடுத்த சிறுநீர்க் குப்பியைச் சாப்பாட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அந்தப் பெட்டியே வீண். எனக்கு இதில் வியப்பைவிட நெருக்கம்தான் தோன்றியது. எச்சில், மடி என்று வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் சீக்கிரம் பிடிபடும்.

அப்புறம் சமையலறை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ரிங்ஙாவேரா என்று பெயர், 'சூடான கைகள்'. மராயின் பெயர் பேச்சாளர்களால் பாதி, சாப்பாட்டால் பாதி. மூன்று நாளைக்கு இருநூறு முந்நூறு பேர், எந்த நேரத்தில் எந்தக் கூட்டம் வரும் என்று தெரியாது, வந்தவர் யாரும் வெறும் வயிற்றோடு போகக்கூடாது. யாரும் சம்பளம் வாங்குவதில்லை. செய்தி வந்த அரை மணியில் ஒருவர் சாவியோடு வந்து விளக்கைப் போடுவார், ஒருவர் மெத்தைகளை விரிப்பார், ஒருவர் மாட்டையோ பன்றியையோ அறுக்கப் போவார், இளைஞர்கள் கடலுக்குள் மூழ்கப் போவார்கள். கிணாவும் பாவாவும் சிங்க இறாலும் வந்து சேரும். கிணா கடல்முள்ளெலி, பாவா ஒரு வகைப் பெரிய கடல்நத்தை. தங்ஙிக்காகத் தினசரி வரம்புக்கு மேல் எடுக்க 1998 முதல் சட்டத்தில் தனி வழி இருக்கிறது: அந்தக் கடலோரத்தின் காவலராக நியமிக்கப்பட்டவர் எழுத்தில் அனுமதி கொடுப்பார். பிடித்த முதல் மீனைக் கடல் தெய்வம் தங்ஙாரோவாவுக்கு என்று திருப்பி விட்டுவிடுவார்கள். கடலில் யாராவது மூழ்கி இறந்தால் அந்தக் கரைக்கு ராஹுயி போடுவார்கள், இத்தனை நாள் யாரும் மீன் பிடிக்கக்கூடாது என்ற தடை. மீன் குறைந்தாலும் அதே தடைதான். எழுதிய சட்டத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சமையலறையில் ஆன்ட்டிகள் வைத்ததுதான் சட்டம். வயதில் மூத்த பெண் எல்லாரும் ஆன்ட்டி, மூத்த ஆண் அங்கிள், அதற்கும் மேல் நானி என்னும் பாட்டி, கோரோ என்னும் தாத்தா. இரத்த உறவா என்று யாரும் பிரிப்பதில்லை. உருளைக்கிழங்கு மூட்டையோடு புதியவர்களை உட்கார வைப்பார்கள். அடுத்த படி பாத்திரம் துடைப்பது. பல ஆண்டு துடைத்த பிறகு பரிமாறலாம். இறைச்சி வெட்டும் மேசைக்கு வர முடி நரைக்க வேண்டும். என் முதல் தங்ஙியில் நான் ஆறு மணி நேரம் துடைத்தேன். பேச்சைக் கவனித்து மொழி கற்றதும், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொண்டதும் அந்தத் தொட்டியடியில்தான். மறுநாள் காலை மருத்துவ நிலையத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். விசேஷ நாளில் ஹாங்ஙி: குழி தோண்டி, எரிமலைக் கற்களையோ பழைய தண்டவாளத் துண்டுகளையோ விறகில் மணிக்கணக்காகக் காய வைத்து, கம்பிக்கூடைகளில் இறைச்சி, உருளை, பூசணி, கூமரா எனும் சர்க்கரைவள்ளி அடுக்கி, ஈரத்துணியும் சாக்கும் போர்த்தி மண்ணால் மூடுவார்கள். மூன்று மணி நேரம் ஒருவர் மண்வெட்டியோடு நின்று, ஆவி கசிகிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டே இருப்பார். திறக்கும்போது வரும் புகையும் மண்ணும் கலந்த வாசனைக்கு ஈடு கிடையாது. அன்றாடத்துக்குப் பன்றி எலும்போடு பூஹா கீரையோ நீர்க்கீரையோ போட்டு, மாவு உருண்டைகளோடு வேகவைக்கும் ஒரே பானைச் சமையல். ரொட்டி புளிக்க வைப்பது உருளைக்கிழங்குக் கரைசலில். அந்தப் புளிமாவைப் பாட்டியிடமிருந்து பேத்தி வாங்கி வருடக்கணக்காகத் தீனி போட்டுக் காப்பாற்றுவாள். மக்காச்சோளக் கதிரைச் சாக்கில் கட்டி ஓடைத்தண்ணீரில் இரண்டு மாதம்போல ஊறவிட்டு, அது நன்றாகப் புளித்து நாறிய பிறகு கஞ்சி காய்ச்சி, சர்க்கரையும் பாலேடும் விட்டுச் சாப்பிடுவார்கள். வாசனை பழக நாளாகும். முதியவர்களுக்கு அது உயிர்.

சமையல் பானை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1836 வாக்கில் ஃபாங்ஙாரே பக்கத்தில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தை வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி ஒன்றின் மேல்பகுதி. அதில் தமிழில் எழுத்து இருக்கிறது: முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று. எப்படி அவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது.

நிலத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. ஃபெனுவா என்றால் நிலம். அதே சொல்தான் நஞ்சுக்கொடிக்கும். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்ப நிலத்தில், பெரும்பாலும் ஒரு மரத்தடியில், புதைப்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவமனைகள் அதைக் கழிவாக எறிந்தன. இன்று கேட்டால் கொடுக்கிறார்கள். பிரசவத்துக்குக் கிஸ்போர்ன் போய்த் திரும்பும் தாய்மார் காரின் பின்னிருக்கையில் குழந்தையும், காலடியில் குளிர்ப்பெட்டியில் ஃபெனுவாவுமாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த நிலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? 1840 பிப்ரவரி 6இல் பிரிட்டிஷ் அரசோடு வைத்தாங்ஙி ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஏறக்குறைய நாடு முழுக்க அவர்களுடையது. இன்று மாவோரி நிலம் என்ற வகையில் இருப்பது சுமார் 14 லட்சம் ஹெக்டேர், நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து. போர், பறிமுதல், அரசு கொள்முதல் எல்லாம் காரணம். ஆனால் அமைதியாக அரித்தது 1865இல் வந்த நில நீதிமன்றம். பொதுவில் இருந்த நிலத்துக்குத் தனித்தனிப் பெயர்களில் பட்டா கொடுத்தார்கள். பெயர் பங்காகி, பங்கு விற்பனைக்கு வந்தது. விற்காமல் காத்தவர்களின் பங்கும் தலைமுறைக்குத் தலைமுறை வாரிசுகளுக்குப் பிரிந்து, இன்று ஒரு சிறிய துண்டு நிலத்துக்குக்கூட நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கானோர். இதன் விளைவை ஊரில் பார்க்கலாம்: சொந்த நிலம் கண்முன்னே கிடக்கும், அதில் வீடு கட்ட மற்ற உரிமையாளர்களில் போதுமான பேரின் ஆதரவும் நீதிமன்ற உத்தரவும் வேண்டும், வங்கி பெரும்பாலும் அடமானமாக ஏற்காது. அதனால் அதே நிலத்தில் ஒரு குடும்பம் கேரவன் வண்டியில் குளிர்காலத்தைக் கழிக்கும். ஈரத்தில் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு வரும், நான் மருந்து கொண்டுபோவேன். இதைச் சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்களை நகரத்தில் நீங்கள் சந்திப்பீர்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

அந்தக் கரையின் மலைகளுக்கும் ஒரு கதை உண்டு. பூர்வீகக் காட்டை அழித்து ஆட்டுப்பண்ணைகள் போட்டார்கள். மண்ணைப் பிடிக்க வேர் இல்லாமல் மலை சரிந்தது. வையாப்பு ஆறு உலகிலேயே மிக அதிக வண்டல் சுமக்கும் ஆறுகளில் ஒன்று. 1988 மார்ச்சில் போலா புயல் வந்து மலைகளை உரித்தெடுத்தது. அதற்குப் பிறகு மண்ணைக் காக்க என்று பைன் மரம் நட்டார்கள். அந்த மரங்களை வெட்டியபோது மலையில் விட்டுப்போன கழிவுக்கட்டைகள் ஒவ்வொரு பெருமழைக்கும் ஆற்றில் இறங்கிப் பாலங்களை உடைத்துக் கடற்கரையை நிரப்புகின்றன. 2023 பிப்ரவரியில் காப்ரியேல் புயலில் சாலையும் மின்சாரமும் போனும் ஒன்றாகப் போயின. அன்று கரை நெடுக மராய்களின் கதவுகள்தான் முதலில் திறந்தன. எரிவாயு அடுப்பு, நூறு மெத்தை, பெரிய பானைகள், இவற்றைத் தூக்கத்திலும் கையாளத் தெரிந்த ஆன்ட்டிகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். தங்ஙிக்கு என்று வைத்திருந்த ஏற்பாடு வெள்ளத்துக்கும் கை கொடுத்தது.

2020இல் கொரோனா வந்தபோது கிழக்குக் கரை இனக்குழுக்கள் சாலையில் தாங்களே காவல் போட்டுத் தெரியாத வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். பலர் கோபப்பட்டார்கள். 1918 ஃபுளூ காய்ச்சலில் மாவோரிகள் மற்றவர்களைவிட எட்டு மடங்கு விகிதத்தில் இறந்த நினைவு அந்த ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஒரே குழியில் பலரைப் புதைத்த இடங்களைக் காட்டுவார்கள். மராயில் கூட முடியாமல், உடலைத் தொட முடியாமல் புதைக்க நேர்ந்ததுதான் அந்த மாதங்களில் மக்களை உடைத்துப்போட்டது. மாவோரிகளின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட இன்றும் ஏறக்குறைய 7 ஆண்டு குறைவு. என் வேலையில் அந்த எண்ணுக்கு முகங்கள் உண்டு.

மொழி? பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறை இன்றும் உயிரோடு இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்கவில்லை, அடி விழக்கூடாது என்ற அன்பினால். 1982இல் கோஹங்ஙா ரேயோ, 'மொழிக் கூடு', தொடங்கியது. பாட்டிமார் கைக்குழந்தைகளிடம் மாவோரி மட்டும் பேசி வளர்க்கும் இடம். 1987இல் ஆட்சிமொழி ஆனது. இப்போது ஊரில் பார்த்தால் அறுபது வயதுக்காரர் வெட்கத்தோடு தடுமாறுவார், அவருடைய ஐந்து வயதுப் பேத்தி சரளமாகப் பேசித் திருத்துவாள். பேத்தி என்றதும் சொல்ல வேண்டும்: முதல் பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டி எடுத்து வளர்க்கும் ஃபாங்ஙாய் வழக்கம் இன்னும் உண்டு. பிள்ளைக்குப் பெற்றோர் யார் என்பது தெரியும், ஒளிவுமறைவு கிடையாது. மருத்துவ அட்டையில் "தாய்" என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நாள் பார்ப்பது அங்கேயும் நிலவை வைத்துத்தான். ஒவ்வொரு இரவுக்கும் பெயர் உண்டு: ஃபிரோ என்ற இரவில் எதையும் தொடங்க மாட்டார்கள், தங்ஙாரோவாவின் பெயர் கொண்ட இரவுகள் மீனுக்கும் நடவுக்கும் நல்லவை. ஆண்டு பிறப்பது நடுக் குளிர்காலத்தில், விடியலுக்கு முன் கீழ்வானில் மத்தாரிக்கி தெரியும்போது. அது வேறு எதுவும் இல்லை, நம் கார்த்திகை மீன்கூட்டம். 2022 முதல் அதற்கு நாடு முழுக்க விடுமுறை. உறைபனியில் போர்வை சுற்றிக்கொண்டு மேட்டில் நிற்பார்கள்; அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விண்மீனை நோக்கிக் கூப்பிடுவார்கள்; சமைத்த உணவின் மூடியைத் திறந்து ஆவியை வானத்துக்கு விடுவார்கள். முதல் முறை அங்கே நின்றபோது, நான் உடனிருந்து கண் மூடிய சிலரின் பெயர்களும் வந்தன.

ஆண்டு முழுக்கத் துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனவரி முதல் வாரம் வெளியூர்க்காரர்கள் எல்லாம் திரும்பி வந்து மராய்க்கு மராய் போட்டி போடுவார்கள்: தொடு ரக்பி, சீட்டாட்டம், பாட்டு என்று. பிறகு அவர்கள் கார்கள் தெற்கே போய்விடும், ஆஹி கா மட்டும் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிப் பூட்டும்.

நீங்கள் போனதும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தங்ஙிக்குப் போவதென்றால் தனியாகப் போகாதீர்கள், வேலையிடத்துக் கூட்டத்தோடு சேர்ந்து போங்கள்; உறையில் கோஹா வையுங்கள்; பெண்ணாக இருந்தால் பாவாடை உடுத்துங்கள்; அழைப்புக் குரல் வரும்வரை வாசலைத் தாண்டாதீர்கள். ஒரு பாட்டாவது கற்றுக்கொள்ளுங்கள், பின்வரிசையில் நின்று பாடினால் போதும். வீட்டுக்குப் போனால் கையில் ஏதாவது கொண்டுபோங்கள், கொடுத்த தேநீரை மறுக்காதீர்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர்கள் முதலில் கேட்க மாட்டார்கள். எந்த மலை, எந்த ஆறு, யாருடைய பேரப்பிள்ளை என்று கேட்பார்கள். உங்கள் ஊர் மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர்களையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். எனக்கு என் அப்பாவழிப் பாட்டியின் பெயர் தெரியவில்லை. அன்றிரவே வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.